கடையில் விற்காத மென்பொருளை நம்பி வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு சிறிய மென்பொருளை எழுதி, என் சொந்த இணையதளத்தில் மட்டும் விற்பவன். எந்தக் கடையின் அலமாரியிலும் அது இருந்ததில்லை. வாங்கும் முன் பலர் மெயில் எழுதி விசாரிக்கிறார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். என்னைப் போன்றவர்களை மக்கள் நம்பினால்தான் என் பிழைப்பு ஓடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எங்கெங்கே நம்பக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கடையில் கிடைக்காத மென்பொருளை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் மொத்தமாக எல்லாவற்றையும் நம்ப முடியாது, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: அதை எழுதியவர் யார், அவர் கையிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் வழியில் வேறு யார் கை பட்டிருக்க முடியும். கடை என்பது அந்த வழியில் வரும் ஓர் இடம், அவ்வளவுதான். கீழே நான் சொல்லப்போகும் சம்பவங்களில் பெரும்பாலானவை நல்லவர்கள் எழுதிய நல்ல மென்பொருளுக்கு வழியில் நேர்ந்த கேடுகள்.

சீல் வைத்த பெட்டியில், நல்ல கடையில் வாங்கினால் பயமில்லைதானே?

2005இல் நடந்ததைக் கேளுங்கள். சோனி பிஎம்ஜி நிறுவனம் 50க்கும் மேற்பட்ட இசை ஆல்பங்களின் சிடிக்களில் காப்பி எடுப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளைச் சேர்த்து விற்றது. கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி அது. கம்ப்யூட்டரில் போட்டதும் அந்த மென்பொருள் உள்ளே இறங்கி, விண்டோஸின் கண்ணுக்கே தெரியாமல் தன்னை மறைத்துக்கொண்டது. இப்படி ஒளிந்துகொள்வதை ரூட்கிட் என்பார்கள். மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் தன் கம்ப்யூட்டரிலேயே அதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். கொடுமை என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட எழுத்துவரிசையில் தொடங்கும் பெயர் கொண்ட எந்த ஃபைலையும் அது மறைத்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் ஃபைல்களுக்கும் அதே மாதிரி பெயர் வைத்து அந்த மறைப்பில் ஒண்டிக்கொண்டார்கள். கடைசியில் நிறுவனம் சிடிக்களைத் திரும்பப் பெற்றது, வழக்குகளையும் சந்தித்தது.

சீல் ஒரு விஷயத்தைச் சொல்கிறது: பெட்டியை யாரும் நடுவில் திறக்கவில்லை. உள்ளே வைத்தவரின் எண்ணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள், பெட்டி மூடிய நாளோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதில் அடைபட்டிருக்காது. இன்ஸ்டால் செய்த மறு நிமிடமே அது இணையத்திலிருந்து அப்டேட்டை இறக்கத் தொடங்கும். ஆக, கடையில் வாங்கியவரும் கடைசியில் நம்பியிருப்பது டவுன்லோடைத்தான். இப்போதெல்லாம் பல பெட்டிகளுக்குள் டிஸ்க்கே இருப்பதில்லை, லைசென்ஸ் கீ (மென்பொருளைத் திறக்கும் குறியீடு) அச்சிட்ட ஓர் அட்டை மட்டும்தான்.

கடை இல்லாமல் விற்பது இப்போது வந்த பழக்கமா?

இல்லை, இதற்கு 40 வயது தாண்டிவிட்டது. 1982இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் பிசி-டாக் என்ற மென்பொருளையும், ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்பதையும் எழுதினார்கள். இரண்டுமே ஃப்ளாப்பியில் கைமாறின. ‘தாராளமாகக் காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள்’ என்பதுதான் ஏற்பாடு. அடுத்த ஆண்டு பாப் வாலஸ் பிசி-ரைட் என்ற, கடிதம், கட்டுரை எழுதும் மென்பொருளை இதே முறையில் வெளியிட்டு, ஷேர்வேர் என்ற பெயரைப் பரவலாக்கினார். நாஃப் அப்போது ஐபிஎம்மில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பணம் இப்படியும் வரும் என்று தெரிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டார். 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டும் முதல் பகுதியை இலவசமாகப் பரப்பி, மற்ற பகுதிகளை நேரடியாக விற்றுத்தான் பெயர் வாங்கியது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுக்கலாம் என்பது. பெட்டிக் காலத்தில் சீலை உடைத்த மென்பொருளைப் பெரும்பாலும் எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. உங்களுக்கு ஒத்து வருமா என்பதே பணம் போன பிறகுதான் தெரியும். யார் யாரை நம்பச் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷேர்வேர் எழுதியவர் வாங்குபவரை நம்பினார்.

ஆப் ஸ்டோர் எல்லாவற்றையும் பரிசோதிக்கிறதே. அதுவே போதாதா?

ஃபோனைப் பொறுத்தவரை, தெளிவான காரணம் இல்லாமல் ஸ்டோரை விட்டு வெளியே போகாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். அங்கே நடக்கும் பரிசோதனை உண்மையிலேயே நிறைய குப்பையைத் தடுக்கிறது. ஆனால் ‘ஸ்டோரில் இருக்கிறது, அதனால் சுத்தம்’ என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2015 செப்டம்பரில் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற கேடு ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஐஃபோன் ஆப் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கருவி எக்ஸ்கோட். அதை ஆப்பிளிடமிருந்து இறக்க நெடுநேரம் பிடித்ததால், சீனாவில் சில டெவலப்பர்கள் வேறு இடத்தில் கிடைத்த காப்பியை இறக்கினார்கள். அந்தக் காப்பியில் யாரோ கை வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு தயாரித்த ஒவ்வொரு ஆப்பிலும் கெட்ட நிரல் தானாகச் சேர்ந்துகொண்டது, எழுதியவருக்கே தெரியாமல். வீசாட் போன்ற பெரிய ஆப்பும் அதில் சிக்கியது. எல்லாமே ஆப்பிளின் பரிசோதனையைத் தாண்டி ஸ்டோரில் இருந்தவை.

வெளியே இருப்பதிலும் தரமானவை உண்டு. ஆண்ட்ராய்டுக்கு 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு, திறந்த மூல ஆப்களின் (எழுதிய நிரலை யாரும் பார்க்கும்படி வெளியிட்டவை) மூலநிரலை எடுத்து, பெரும்பாலும் தானே தொகுத்துத் தருகிறது. அது மாதிரி ஓர் இடத்தை நான் நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) ஃபைலை, அனுப்பியவர் யாராக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

உண்மையான இணையதளம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். பலர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

மென்பொருளின் பெயரைத் தேடினால் பட்டியலில் மேலே வருவது பல சமயம் விளம்பரம். யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அந்த இடத்தை வாங்கலாம். 2022இல் கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியின் பெயரில் கூகுளில் ஒரு விளம்பரம் வந்தது. அதை அமுக்கியவர்கள் கிம்ப் தளத்தைப் போலவே வடிவமைத்த, பெயரில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறிய போலித் தளத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்தது தகவல் திருடும் மென்பொருள். விஎல்சி, ஓபிஎஸ், 7-ஜிப் என்று பிரபலமான பல பெயர்களிலும் இதே வேலை நடந்திருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைப் போலி ஏன் செய்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குத் தேவை உங்கள் பாஸ்வேர்டு. மென்பொருளின் விலை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். அந்தத் தளம் திருடனுடையதாக இருந்தாலும் பூட்டு இருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தருகின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் பிரவுசர் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

முகவரியின் அழகை வைத்தும் சொல்ல முடியாது. தொலைவில் உள்ள சர்வரில் நுழைய சைமன் டாத்தம் எழுதிய புட்டி என்ற கருவியை உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகள் பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டுகளாக அதன் உண்மையான பக்கம், புட்டி என்ற சொல்லோடு தொடங்கக்கூட இல்லாத ஒரு நீண்ட முகவரியில்தான் இருந்தது. புட்டி என்ற பெயரிலேயே இருந்த அழகான முகவரி வேறு யாரோ ஒருவருடையது.

அப்படியானால் என்ன செய்வது? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகளில் போய், இரண்டும் ஒரே முகவரிக்குக் கொண்டு சேர்க்கிறதா என்று பாருங்கள். விக்கிப்பீடியா பக்கத்தின் வலது ஓரப் பெட்டியில் தரும் முகவரி ஒன்று. எழுதியவர் தன் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளப் பக்கத்தில் இருப்பது இன்னொன்று. ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் கம்ப்யூட்டரில் ஹெல்ப் மெனுவுக்குள் அபௌட் என்பதைத் திறந்தாலும் முகவரி தெரியும். கண்டுபிடித்ததும் புக்மார்க் செய்துவிடுங்கள். அடுத்த முறை தேடவே வேண்டாம்.

எல்லா மென்பொருளும் ஒரே இடத்தில் கிடைக்கும் டவுன்லோட் தளங்கள்?

நான் தவிர்ப்பேன். ஒரு காலத்தில் அவை பயனுள்ள இடங்களாக இருந்தன. அப்புறம் வருமானத்துக்காக, அடுத்தவர் எழுதிய மென்பொருளைத் தங்கள் சொந்த இன்ஸ்டாலருக்குள் சுற்றித் தரத் தொடங்கினார்கள். நீங்கள் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனால் கூடவே ஒரு டூல்பாரும், மாறிப்போன தேடுபொறியும் வந்து உட்காரும். 2011 டிசம்பரில், நெட்வொர்க்கைச் சோதிக்கும் என்மேப் கருவியை எழுதிய கார்டன் லயன், டவுன்லோட் டாட் காம் தன் படைப்பை இப்படிச் சுற்றித் தருகிறது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். திறந்த மூலத் திட்டங்களின் வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜும் 2013இல் இந்த வழிக்குப் போனது. கிம்ப் குழுவினர் அந்த ஆண்டே அங்கிருந்து வெளியேறினார்கள். 2016இல் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

எனக்கும் இது நடந்தது. ‘உங்கள் மென்பொருள் என் பிரவுசரைக் கெடுத்துவிட்டது’ என்று ஒருவர் கோபமாக எழுதினார். எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டால், நான் கேள்விப்படாத ஒரு தளத்தின் பெயரைச் சொன்னார். இறக்கிப் பார்த்தேன். உள்ளே என் மென்பொருள், வெளியே வேறொருவரின் உறை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தவறு என்னுடையது இல்லைதான். ஆனால் திரையில் இருந்தது என் பெயர்.

டிஜிட்டல் கையெழுத்து என்கிறார்களே, அது என்ன?

மென்பொருளை வெளியிடுபவர் ஃபைலின் மேல் போடும் முத்திரை. இரண்டு செய்தி அதில் இருக்கிறது: இன்னாருடைய சான்றிதழால் இது முத்திரையிடப்பட்டது, அதற்குப் பின் இதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. விண்டோஸில் ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைப் பாருங்கள். அங்கே வரும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பகுதியே இல்லை என்றால் கையெழுத்து இல்லை. மேக் கம்ப்யூட்டரில் 2012 முதல் கேட்கீப்பர் என்ற காவல் வசதி இதைத் தானாகப் பார்க்கிறது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே விற்பவர்களும் தங்கள் மென்பொருளை முன்கூட்டியே ஆப்பிளுக்கு அனுப்பித் தானியங்கிச் சோதனையில் தேற வேண்டும்.

கையெழுத்து இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 2017இல், கம்ப்யூட்டரில் சேரும் குப்பையை நீக்கும் சிகிளீனரின் 5.33 பதிப்புக்கு நடந்தது இதற்குச் சாட்சி. ஹேக்கர்கள் மென்பொருள் தயாராகும் இடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கெட்ட நிரல் சேர்ந்த அந்தப் பதிப்பு நிறுவனத்தின் அசல் கையெழுத்தோடு, நிறுவனத்தின் அசல் தளத்திலிருந்தே சுமார் ஒரு மாதம் போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய 22.7 லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நீலத் திரையில் விண்டோஸ் எச்சரிக்கிறது. உடனே அழித்துவிடட்டுமா?

அது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற விண்டோஸின் பாதுகாப்பு வசதி. அந்த ஃபைலை இதுவரை போதுமான பேர் இறக்கவில்லை என்பதற்காகக்கூட அது எச்சரிக்கும். புதிதாக வெளியிடும் ஒவ்வொரு சிறு டெவலப்பருக்கும் இது நடக்கும், எனக்கும் முதல் சில மாதங்கள் நடந்தது. எச்சரிக்கைக்குள் ‘மோர் இன்ஃபோ’ என்பதை அமுக்கினால் வெளியிட்டவர் பெயர் தெரியும். எதிர்பார்த்த பெயர் இருந்தால், தளத்தையும் ஏற்கெனவே சரிபார்த்திருந்தால், தொடரலாம். ‘அன்னோன் பப்ளிஷர்’ என்று வந்தால் நிறுத்திவிட்டு, எழுதியவருக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

ஹேஷ் என்று நீளமாக எண்ணும் எழுத்தும் போட்டிருக்கிறார்கள். அதை நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். எஸ்எச்ஏ-256 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எம்டி5, எஸ்எச்ஏ-1 இரண்டும் உடைபட்ட பழைய முறைகள். விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கருவி கூடவே வருகிறது, 7-ஜிப் வைத்திருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே கணக்கிடலாம்.

இது எப்போது காப்பாற்றும், எப்போது காப்பாற்றாது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியைத் தரும் இரண்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் ஹேக்கர்கள் மேக் பதிப்பை மாற்றி வைத்தார்கள். அந்த நான்கைந்து நாட்களில் இறக்கியவர்களுக்குக் கெட்ட காப்பி கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஹேஷை ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். ஒப்பிடாமல் மாட்டிக்கொண்டவர்களில் மேக் மென்பொருள் எழுதியே பிழைக்கும் பேனிக் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரும் உண்டு. அவருடைய கம்ப்யூட்டர் வழியாக அந்த நிறுவனத்தின் மூலநிரல்கள் திருடு போயின. அவரே இதை வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து டவுன்லோட் லிங்க்கை மாற்றிவிட்டார்கள். லிங்க்கை மாற்ற முடிந்தவனுக்கு, அதே தளத்தில் இருக்கும் ஹேஷை மாற்றுவது பெரிய வேலையில்லை. அதனால் முடிந்தால் ஹேஷை வேறு இடத்தில் பாருங்கள், எழுதியவரின் கிட்ஹப் பக்கம் போல.

ஆண்டிவைரஸ் வைரஸ் என்கிறது, எழுதியவர் இல்லை என்கிறார். யாரை நம்ப?

வைரஸ்டோட்டல் என்ற சேவையில் ஃபைலை ஏற்றினால் சுமார் 70 ஆண்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும், ‘ஜெனரிக்’ என்ற பொதுப் பெயரோடு சந்தேகப்பட்டால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. முன்னணியில் உள்ள பல ஒரே பெயரைச் சொன்னால் விலகிவிடுங்கள். ஒரு விஷயம்: அங்கே ஏற்றும் ஃபைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். இன்ஸ்டாலரை ஏற்றலாம், உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

‘இன்ஸ்டால் செய்யும்போது ஆண்டிவைரஸை அணைத்து வையுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது. நேர்மையான டெவலப்பர் ஆண்டிவைரஸ் நிறுவனத்துக்கு எழுதித் தவறைத் திருத்தச் சொல்வார். அது இலவசம், சில நாட்களில் நடந்துவிடும்.

திறந்த மூலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

கண்ணைத் திறந்து பார்க்க முடியும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் யாராவது பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. எக்ஸ்ஸெட் என்பது பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஒரு சிறு சுருக்கக் கருவி. ஒருவர் பொய்ப் பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆகி, 2024 தொடக்கத்தில் அதற்குள் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சர்வரில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய் மார்ச் 29 அன்று அதை உலகுக்குச் சொன்னார். லினக்ஸின் பெரும்பாலான நிலையான வெளியீடுகளுக்குள் அது போவதற்கு முன் தடுக்கப்பட்டது. மூலநிரல் மூடியிருந்தால் அவரால் அவ்வளவு தூரம் தோண்டியிருக்க முடியாது.

ஒரே ஆள் எழுதியது. நாளைக்கு அவர் நிறுத்திவிட்டால்?

நியாயமான பயம். ஆனால் பெரிய நிறுவனமும் நிறுத்தும். கோடிக்கணக்கான மக்கள் படங்களை அடுக்கி வைத்திருந்த பிகாசாவை கூகுள் 2016இல் கைவிட்டது. மறுபக்கம், இகோர் பாவ்லோவ் 7-ஜிப்பை 1999 முதல் எழுதி வருகிறார்.

அளவைப் பார்க்காமல் வேறு சிலவற்றைப் பாருங்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது? பழைய பதிப்புகளில் என்னென்ன பிழை திருத்தினார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா? தன் பிழைகளை எழுதி வைப்பவரை நான் நம்புவேன். உங்கள் தரவை வேறு மென்பொருள் படிக்கும் வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? லைசென்ஸைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் சர்வரைத் தேடுமா, இல்லை இணையம் இல்லாமலும் ஓடுமா? ஒவ்வொரு முறையும் தேடும் என்றால், சர்வர் நின்ற அன்று மென்பொருளும் நிற்கும்.

வாங்கும் முன் ஒரு மெயில் அனுப்புங்கள், சாதாரணக் கேள்வி போதும். பதில் வர எத்தனை நாள் ஆகிறது, கேட்டதற்குத்தான் பதில் வருகிறதா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பணம் எப்படிக் கட்டுவது பாதுகாப்பு?

தகராறு செய்து திரும்பப் பெற வழி இருக்கும் முறையில். கிரெடிட் கார்டு, பெயர் பெற்ற பேமெண்ட் சேவை, இவை சரி. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, தனி ஆளின் கணக்குக்கு நேரடி அனுப்பீடு இவற்றில் மட்டுமே கேட்பவரிடம் வாங்காதீர்கள். கார்டு பட்டியலில் எழுதியவர் பெயருக்குப் பதில் வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால் பதற வேண்டாம். சிறு டெவலப்பர்கள் பலரும் வரி, ரசீது வேலைகளுக்காக ஓர் இடைநிறுவனம் மூலம் விற்கிறோம். கட்டும் முன் அந்தப் பெயரைப் பக்கத்திலேயே காட்டுவார்கள்.

அசல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு லைசென்ஸ் கீ விற்கிறார்களே?

அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் பெரும்பாலும் சொல்ல முடியாது. நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பதாக இருக்கலாம், திருட்டு கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம். சில மாதம் ஓடும், பிறகு முடக்கப்படும்.

பயன்படுத்திய லைசென்ஸை விற்பதே சட்டவிரோதம் என்று சொல்லிவிடவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில், டவுன்லோடாக வாங்கிய நிரந்தர லைசென்ஸையும் மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் விற்பவர் தன் காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், பல பேருக்கான லைசென்ஸைத் துண்டு போட்டு விற்கக் கூடாது. மலிவுக் கீ விற்பவர்களிடம் இதற்கான ஆதாரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கிராக் செய்தது?

வேண்டாம். பாதுகாப்பை உடைத்த ஒருவர் முகம் காட்டாமல், காசும் வாங்காமல் ஏன் தருகிறார் என்று மட்டும் யோசியுங்கள்.

எவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அந்த மென்பொருள் வேண்டும்.

விண்டோஸ் புரோ பதிப்புகளில் 2019 முதல் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும் ஒரு தற்காலிக விண்டோஸ் அது. அங்கே ஓட்டிப் பாருங்கள். சில கெட்ட மென்பொருட்கள் இப்படிப்பட்ட இடத்தை மோப்பம் பிடித்து அமைதியாக இருந்துவிடும். ஆகவே அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. கேட்கும் அனுமதிகளையும் கவனியுங்கள், படத்தின் அளவைக் குறைக்கும் ஒரு கருவி நிர்வாகி அனுமதி கேட்டால் காரணம் சொல்லட்டும். முக்கியமான ஃபைல்களின் பேக்கப் கம்ப்யூட்டரோடு இணைக்காத ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டேன், இப்போதுதான் போலி என்று தெரிகிறது.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ ஃபோனிலிருந்தோ பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயில் முதலில், அடுத்து வங்கி. பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிற்காமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். தகவல் திருடும் மென்பொருட்கள் பிரவுசரின் குக்கீகளை (நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) எடுத்துப் போகும், அது கையில் இருந்தால் பாஸ்வேர்டே தேவைப்படாது. கார்டு விவரம் பிரவுசரில் சேமித்திருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் போதாது, விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாக ஏற்றுங்கள். சிரமம்தான், தெரியும்.

அதெல்லாம் முடிந்ததும் அசல் மென்பொருளை எழுதியவருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த முகவரியில் இறக்கினீர்கள், எந்த விளம்பரத்தை அமுக்கினீர்கள், ஃபைலின் ஹேஷ் என்ன என்று முடிந்தவரை சேர்த்து எழுதுங்கள். போலித் தளத்தைப் பதிவு செய்த நிறுவனத்துக்கும், விளம்பரம் காட்டிய தேடுபொறிக்கும் புகார் கொடுக்க அந்த விவரங்கள் வேண்டும். எனக்கு அப்படி ஒரு மெயில் வந்தால் அன்றைக்கு வேறு வேலை எதையும் தொட மாட்டேன்.